மாடு சினை பிடிக்கும் ரகசியம்: 32 வயதில் மறைந்த டச்சு டாக்டர் டி கிராப்

பசு மாடு வளர்க்கும் வீடுகளில் ஒரு கவலை உண்டு. வேளைக்குத் தீனி போடுகிறார்கள். தண்ணீர் காட்டுகிறார்கள். ஆனால் மாடு சினை பிடிக்கவில்லை. சினை பிடிக்காவிட்டால் கன்று இல்லை. கன்று இல்லாவிட்டால் பால் இல்லை. பால் தராத மாட்டைக் கட்டிப் போட்டு எத்தனை நாள் தீனி போட முடியும்? கடைசியில் அது அடிமாடாகப் போகிறது.

இந்தக் காலத்தில் கால்நடை டாக்டரைக் கூப்பிடுகிறார்கள். அவர் தோள் வரை நீளும் உறையைக் கையில் மாட்டிக்கொள்கிறார். மாட்டின் ஆசனவாய் வழியாகக் கையை உள்ளே விடுகிறார். குடலின் சுவருக்கு அப்பால் இருக்கும் சினைப்பையை விரலால் தடவிப் பார்க்கிறார். சினைப்பை இரண்டு உண்டு. வலப்புறம் ஒன்று. இடப்புறம் ஒன்று. அதன் மேல் நீர் நிறைந்த சிறு கொப்புளம் தட்டுப்படுகிறதா? அல்லது கெட்டியான உருண்டை தட்டுப்படுகிறதா? இரண்டும் இல்லையா? இதை வைத்துத்தான் எந்த ஊசி போடுவது என்று அவர் முடிவு செய்கிறார்.

அந்தக் கொப்புளத்துக்கு கிராப் கொப்புளம் என்று பெயர். அது ஒரு மனிதரின் பெயர். உலகம் முழுவதும் டாக்டர்கள் அந்தப் பெயரைச் சொல்லுகிறார்கள்.

அந்த மனிதர் ரெக்னியர் டி கிராப். டச்சு நாட்டுக்காரர். அவர் வாழ்ந்தது 32 ஆண்டுகள்தான். அந்தச் சின்ன வாழ்வில் அவர் பெரிய உண்மை ஒன்றைக் கண்டார். அதற்காக நண்பரோடு பெரிய சண்டையும் போட்டார். சண்டையின் தீர்ப்பைக் கேட்க அவர் உயிரோடு இல்லை. அந்தக் கதையைப் பார்ப்போம்.

கெட்டிக்கார மாணவர்

டி கிராப் 1641-ம் ஆண்டு ஜூலை 30-ந் தேதி பிறந்தார். ஊர் பெயர் ஸ்கூன்ஹோவன். டச்சு நாட்டில் ஆற்றங்கரையில் இருக்கும் சிறிய ஊர்.

டச்சு நாடு தாழ்வான நாடு. கடலைக் கரை போட்டுத் தடுத்து நிலமாக்கியிருக்கிறார்கள். எங்கே பார்த்தாலும் புல்வெளி. புல்வெளியில் மாடுகள். வெண்ணெய்க்கும் பாலாடைக்கட்டிக்கும் பேர் போன நாடு அது. அந்தக் காலத்தில் கப்பல் வியாபாரத்திலும் அதுதான் முதல் வரிசையில் நின்றது. பணம் இருந்தது. படிப்பும் வளர்ந்தது.

டி கிராப் டாக்டருக்குப் படித்தார். முதலில் லூவன் நகரில் படித்தார். பிறகு உட்ரெக்ட் நகரில் படித்தார். 1663-ல் லெய்டன் நகரத்துப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அங்கே சில்வியஸ் என்ற பெரிய பேராசிரியர் இருந்தார். அவர் மாணவர்களை நோயாளியின் படுக்கைக்கே அழைத்துச் சென்று பாடம் சொல்லுவார்.

லெய்டனில் டி கிராப்புக்கு நல்ல நண்பர்கள் கிடைத்தார்கள். ஒருவர் சுவாமர்டாம். பூச்சிகளை அறுத்துப் பார்ப்பதில் நிபுணர். இன்னொருவர் டென்மார்க் நாட்டைச் சேர்ந்த ஸ்டெனோ. இந்த மூன்று பேரும் பிற்காலத்தில் பெரும் புகழ் பெற்றார்கள். இந்த மூன்று பேருக்கும் இடையில்தான் பிறகு பெரிய வழக்கும் வந்தது.

நாயின் வயிற்றில் இறகுக் குழாய்

நம் வயிற்றில் இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்ற உறுப்பு இருக்கிறது. அதிலிருந்து ஒரு நீர் சுரந்து சாப்பாட்டைச் செரிக்க வைக்கிறது. அந்த நீரை உயிரோடு இருக்கும் மிருகத்திலிருந்து எடுத்துப் பார்க்க வேண்டும் என்று சில்வியஸ் ஆசைப்பட்டார். அது சுலபமான வேலை அல்ல.

டி கிராப் ஒரு நாயின் வயிற்றைத் திறந்தார். பறவை இறகின் தண்டைக் குழாயாகச் செதுக்கினார். கணையத்து நீர் வரும் வழியில் அதைப் பொருத்தினார். குழாயின் மறு முனையில் ஒரு சிறு புட்டியைக் கட்டினார். சொட்டுச் சொட்டாக நீர் வந்து புட்டியில் சேர்ந்தது. 1664-ல் இதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அப்போது அவருக்கு வயது 23.

அந்த நீர் புளிப்பு என்று அவர் எழுதினார். அது தவறு. ஆனால் உயிருள்ள உடம்பிலிருந்து அந்த நீரை எடுக்க அவர் காட்டிய வழி சரியானது. பின்னால் வந்த டாக்டர்கள் அந்த வழியில் போனார்கள்.

1665-ல் பிரான்சு தேசத்துக்குப் போனார். ஆன்ஷே நகரில் டாக்டர் பட்டம் வாங்கினார். பிறகு தாய்நாட்டுக்குத் திரும்பி வந்தார். டெல்ப்ட் என்ற ஊரில் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார்.

அவருக்குப் பல்கலைக்கழகத்தில் வேலை கிடைக்கவில்லை. திறமைக் குறைவு காரணம் அல்ல. அவர் கத்தோலிக்கர். டச்சு நாட்டை ஆண்டவர்கள் புராட்டஸ்டண்டுகள். கத்தோலிக்கர்களுக்குப் பேராசிரியர் பதவி எட்டாத கனி. அதனால் அவர் பகலில் நோயாளிகளைக் கவனித்தார். மிச்ச நேரத்தில் வீட்டில் ஆராய்ச்சி செய்தார்.

இறந்த உடலின் ரத்தக் குழாய்களுக்குள் வர்ண நீரைச் செலுத்திப் பார்ப்பதற்குப் பீச்சாங்குழல் போன்ற ஒரு ஊசிக் கருவியை அவர் பயன்படுத்தினார். எந்தக் குழாய் எங்கே போகிறது என்று அது காட்டிவிடும். அந்தக் கருவியைப் பற்றியும் எழுதினார். 1668-ல் ஆணின் உறுப்புகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அடுத்து, பெண்ணின் உறுப்புகளை ஆராயத் தொடங்கினார்.

அந்தக் காலத்து நம்பிக்கை

கோழி முட்டை இடுகிறது. முட்டையிலிருந்து குஞ்சு வருகிறது. இது எல்லோருக்கும் தெரியும். பசு முட்டை இடுவது இல்லை. கன்று எதிலிருந்து வருகிறது?

2,000 ஆண்டுகளாக இதற்குச் சரியான பதில் கிடைக்கவில்லை. கிரேக்க நாட்டு அறிஞர் அரிஸ்டாட்டில், ஆணின் விதைதான் உயிருக்கு உருவம் தருகிறது, பெண் அதற்கு வேண்டிய பொருளைத்தான் தருகிறாள் என்று எழுதி வைத்தார். நிலத்தில் விதை விழுவது போல என்று பலர் நினைத்தார்கள். பெண்ணின் சினைப்பையை அப்போது பெண் விதைப்பை என்று அழைத்தார்கள். அது எதற்காக இருக்கிறது என்று யாருக்கும் தெளிவு இல்லை.

இங்கிலாந்தில் ஹார்வி என்று ஒரு மேதை இருந்தார். உடம்பில் ரத்தம் சுற்றி வருகிறது என்று கண்டுபிடித்தவர் அவர். அரசர் முதலாம் சார்லஸ், தம் காட்டிலே வேட்டையாடிய மான்களை ஹார்விக்குக் கொடுத்தார். ஹார்வி அந்தப் பெண் மான்களை அறுத்துப் பார்த்தார். எல்லா உயிரும் முட்டையிலிருந்துதான் வருகிறது என்ற கருத்து அவருக்கு இருந்தது. 1651-ல் நூலும் எழுதினார். ஆனால் சினைப்பையில் ஒரு மாற்றமும் அவர் கண்ணுக்குப் படவில்லை. அதற்கு இதில் வேலை இல்லை என்று விட்டுவிட்டார்.

ஹார்வி விட்ட இடத்தை டி கிராப் பிடித்தார்.

முயல் சொன்ன கணக்கு

டி கிராப் பல மிருகங்களின் சினைப்பைகளை அறுத்துப் பார்த்தார். பசு, ஆடு, முயல் என்று பலவற்றைப் பார்த்தார். எல்லாவற்றிலும் நீர் நிறைந்த சிறு கொப்புளங்கள் இருந்தன. அவருக்கு முன்னாலும் சிலர் அந்தக் கொப்புளங்களைப் பார்த்தது உண்டு. நோயால் வந்த கொப்புளம் என்றுகூடச் சிலர் எண்ணினார்கள். டி கிராப் அப்படி விடவில்லை. ஒரு சோதனை செய்தார்.

பெண் முயல்களை எடுத்துக்கொண்டார். ஆண் முயலோடு சேர விட்டார். பிறகு அரை மணி நேரம் கழித்து ஒரு முயலை அறுத்துப் பார்த்தார். சில மணி நேரம் கழித்து இன்னொன்று. ஒரு நாள் கழித்து இன்னொன்று. இரண்டு நாள் கழித்து, மூன்று நாள் கழித்து என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனார். ஒவ்வொன்றிலும் கண்டதைக் குறித்து வைத்தார்.

முதலில் கொப்புளங்கள் சிவந்தன. பிறகு சில கொப்புளங்கள் உடைந்து காலியாகி, கெட்டியான உருண்டைகளாக மாறின. மூன்றாம் நாள், சினைப்பையிலிருந்து கருப்பைக்குப் போகும் குழாயில் மிக நுண்ணிய முட்டைகள் தென்பட்டன.

டி கிராப் எண்ணிப் பார்த்தார். சினைப்பையில் எத்தனை கொப்புளம் காலியாகி இருந்ததோ, அத்தனை முட்டைகள் கீழே இருந்தன. பல நாள் கழித்து அறுத்த முயல்களில் குட்டிகள் வளர்ந்திருந்தன. அப்போதும் எண்ணினார். கணக்கு பொருந்தியது.

அவ்வளவுதான். 2,000 ஆண்டுக் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. முட்டை சினைப்பையில் உண்டாகிறது. கொப்புளம் உடைந்து வெளியே வருகிறது. குழாய் வழியாகக் கருப்பைக்குப் போகிறது. பெண் வெறும் நிலம் அல்ல. அவளும் விதை தருகிறாள்.

இதில் டி கிராப்புக்கு ஒரு அதிர்ஷ்டமும் இருந்தது. பசுவுக்குப் பருவம் வந்தால், காளையோடு சேர்ந்தாலும் சேராவிட்டாலும் முட்டை வெளியே வரும். முயல் அப்படி இல்லை. ஆணோடு சேர்ந்த பிறகு சுமார் 10 மணி நேரத்தில்தான் அதன் முட்டை வெளிவரும். அதனால் முயலில் நேரத்தைக் கணக்குப் போட முடியும். இந்த வித்தியாசம் அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாது. டி கிராப் எடுத்துக்கொண்ட மிருகம் தானாகவே சரியானதாக அமைந்துவிட்டது.

1672-ல் பெண் உறுப்புகளைப் பற்றிய அவருடைய பெரிய நூல் வெளிவந்தது. அதில் அழகான படங்கள் இருந்தன. பசுவின் சினைப்பைப் படமும் அதில் உண்டு.

ஒரு சிக்கல்

அவர் ஒரு விஷயத்தில் தவறிவிட்டார். கொப்புளம் முழுவதையும் முட்டை என்றே அவர் எண்ணினார். உண்மையில் முட்டை அந்தக் கொப்புளத்துக்குள்ளே இருக்கும் சிறு துகள். பசுவின் கொப்புளம் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை வளரும். உள்ளே இருக்கும் முட்டையோ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். மணலைவிடச் சிறியது.

கீழே குழாயில் கண்ட முட்டை, மேலே இருந்த கொப்புளத்தைவிடப் பல மடங்கு சிறியது என்பதை டி கிராப்பே கவனித்தார். அதை அவர் மறைக்கவில்லை. கொப்புளத்தில் முட்டையைத் தவிர வேறு பொருளும் இருக்க வேண்டும், அதுதான் பிறகு உருண்டையாக மாறுகிறது என்று எழுதினார். உண்மைக்கு ஒரு அடி தூரத்தில் அவர் நின்றார். உள்ளே இருக்கும் துகளைக் காண நல்ல பூதக்கண்ணாடி வேண்டும். அது அவரிடம் இல்லை.

ஆச்சரியம் என்னவென்றால், உலகத்திலேயே சிறந்த பூதக்கண்ணாடியைச் செய்தவர் அதே டெல்ப்ட் ஊரில்தான் இருந்தார். அவரைப் பற்றிப் பிறகு சொல்லுகிறோம்.

நண்பர் பகைவர் ஆனார்

1672-ம் ஆண்டு டச்சு மக்களுக்குக் கெட்ட ஆண்டு. பிரெஞ்சுப் படை நாட்டுக்குள் புகுந்தது. எதிரியைத் தடுக்க டச்சுக்காரர்கள் தங்கள் கரைகளைத் தாங்களே உடைத்துப் புல்வெளிகளை வெள்ளத்தில் மூழ்கடித்தார்கள்.

அந்த ஆண்டில்தான் டி கிராப்புக்குத் திருமணம் நடந்தது. மனைவி பெயர் மரியா. அந்த ஆண்டில்தான் அவருடைய பெரிய நூலும் வந்தது. சண்டையும் அப்போதுதான் வந்தது.

பழைய நண்பர் சுவாமர்டாம் கோபத்தோடு ஒரு நூல் எழுதினார். சினைப்பையில் முட்டை இருக்கிறது என்று முதலில் கண்டது தானும் தன் ஆசிரியர் வான் ஹார்னும்தான் என்றார். டி கிராப் தங்கள் பெருமையைத் திருடிக்கொண்டார் என்று குற்றம் சாட்டினார். வான் ஹார்ன் 1670-லேயே இறந்துவிட்டார். அவரைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது.

டி கிராப்பால் இதைத் தாங்க முடியவில்லை. பதில் நூல் எழுதினார். இரு பக்கமும் கடுமையான சொற்கள் பறந்தன. கடைசியில் லண்டன் நகரத்து ராயல் சொசைட்டி என்ற அறிஞர் சங்கத்திடம் வழக்கு போயிற்று.

இதற்கு நடுவே டி கிராப்பின் வீட்டில் துயரம் புகுந்தது. மரியாவுக்கு ஒரு ஆண் குழந்தை பிறந்தது. ஒரு மாதம்தான் இருந்தது. இறந்துவிட்டது. உயிர் எப்படி உண்டாகிறது என்று கண்டறிந்த டாக்டரால் தன் குழந்தையின் உயிரைக் காப்பாற்ற முடியவில்லை.

கடைசி உதவி

டெல்ப்ட் ஊரில் லீவன்ஹூக் என்ற துணி வியாபாரி இருந்தார். அவர் பல்கலைக்கழகத்தில் படித்தவர் அல்ல. அறிஞர்கள் எழுதும் லத்தீன் பாஷை அவருக்குத் தெரியாது. ஆனால் அவர் கைப்படத் தேய்த்துச் செய்த பூதக்கண்ணாடிகளுக்கு இணை கிடையாது. கண்ணுக்குத் தெரியாததை எல்லாம் அவர் பார்த்தார்.

டி கிராப் அவருடைய திறமையை அறிந்தார். 1673-ம் ஆண்டு ஏப்ரல் 28-ந் தேதி ராயல் சொசைட்டிக்கு ஒரு கடிதம் எழுதி, லீவன்ஹூக்கை அறிமுகம் செய்து வைத்தார். தன் வழக்கு அங்கே நிலுவையில் இருந்தபோதே, வேறு ஒருவரின் பெருமையை எடுத்துச் சொன்னார். லீவன்ஹூக்கின் புகழ் அந்தக் கடிதத்தில்தான் தொடங்கியது.

நான்கு மாதங்கள்கூட முழுதாகக் கழியவில்லை. 1673 ஆகஸ்டு மாதம் டி கிராப் இறந்துவிட்டார். டெல்ப்ட் ஊரின் பழைய மாதா கோவிலில் அவரை அடக்கம் செய்தார்கள்.

அவர் இறந்த பிறகுதான் லண்டனிலிருந்து தீர்ப்பு வந்தது. முதல் பெருமை டி கிராப்புக்கும் இல்லை, சுவாமர்டாமுக்கும் இல்லை, ஸ்டெனோவுக்கு என்று சொல்லிவிட்டார்கள். ஸ்டெனோ சுறா மீன்களை ஆராய்ந்தவர். பெண் விதைப்பை என்று சொல்லுவது முட்டை உண்டாகும் இடம்தான் என்று 1667-லேயே அவர் எழுதியிருந்தார். கருத்தைச் சொன்னது ஸ்டெனோ. முயல்களை வரிசையாகப் பார்த்துக் கணக்கைக் காட்டியது டி கிராப்.

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. 1677-ல் லீவன்ஹூக் தன் பூதக்கண்ணாடியில் ஆண் விந்தைப் பார்த்தார். அதில் வால் முளைத்த நுண்ணுயிர்கள் நீந்திக்கொண்டிருந்தன. இவைதான் குழந்தையாக வளருகின்றன என்று அவர் முடிவு கட்டினார். டி கிராப் கண்டது முட்டையே அல்ல என்று வாதாடினார். யாருடைய கடிதத்தால் அவர் உலகுக்குத் தெரிந்தாரோ, அவருடைய கண்டுபிடிப்பையே அவர் மறுத்தார். இரண்டு பேருமே பாதி உண்மையைக் கண்டவர்கள். முட்டையும் விந்தும் ஒன்று சேர்ந்தால்தான் கரு உண்டாகும். இது 1876-ல்தான் நிச்சயமாகத் தெரிந்தது.

உண்மை வென்றது

1827-ல் பேயர் என்ற அறிஞர் ஒரு நாயின் சினைப்பையில் இருந்த கொப்புளத்தைத் திறந்தார். உள்ளே இருந்த மஞ்சள் புள்ளியை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். அதுதான் முட்டை. டி கிராப் நூல் எழுதி 155 ஆண்டுகள் கழித்து உண்மையான முட்டை கண்ணில் பட்டது.

அதனால் டி கிராப்பின் பெயர் அழிந்துவிடவில்லை. கொப்புளத்துக்கு அவர் பெயர் ஏற்கெனவே நிலைத்துவிட்டது. சுவிஸ் நாட்டு அறிஞர் ஹாலர் அந்தப் பெயரை வைத்தார்.

கொப்புளம் உடைந்த இடத்தில் டி கிராப் ஒரு கெட்டி உருண்டையைக் கண்டார் அல்லவா? பசுவில் அது மஞ்சள் நிறமாக இருக்கும். அது என்ன வேலை செய்கிறது? இந்தக் கேள்விக்கு 200 ஆண்டுகளுக்கு மேல் பதில் இல்லை.

ஜெர்மனியில் பார்ன் என்ற பேராசிரியர் 1900-ல் இறந்தார். மஞ்சள் உருண்டைதான் கருவைக் காக்கிறது என்பது அவருடைய எண்ணம். அதைச் சோதித்துப் பார்க்க அவருக்கு ஆயுள் இல்லை. பிரெங்கல் என்ற டாக்டர் அந்த வேலையை எடுத்துக்கொண்டார். சினை முயல்களில் மஞ்சள் உருண்டைகளை அழித்துப் பார்த்தார். கரு கலைந்துவிட்டது. 1903-ல் இதை வெளியிட்டார்.

அப்படியானால் அந்த உருண்டையிலிருந்து ஏதோ ஒன்று ரத்தத்தில் கலந்து கருப்பைக்குச் செய்தி சொல்லுகிறது. இப்படி உடம்புக்குள் செய்தி கொண்டு போகும் பொருளுக்குத்தான் ஹார்மோன் என்று பெயர்.

1923-ல் அமெரிக்காவில் எட்கர் ஆலன், டாய்சி என்ற இருவர் பன்றிகளின் சினைப்பைக் கொப்புளத்து நீரை எடுத்தார்கள். சினைப்பை நீக்கப்பட்ட எலிகளுக்கு அதை ஊசி போட்டார்கள். எலிகள் பருவத்துக்கு வந்தன. பருவத்தை உண்டாக்குவது கொப்புளத்து நீரில் இருக்கும் ஹார்மோன் என்று தெரிந்தது. 1929-ல் கார்னர், வில்லார்டு ஆலன் என்ற இருவர் மஞ்சள் உருண்டையின் சத்தைப் பிரித்தார்கள். அதை ஊசி போட்டால், சினைப்பை இல்லாத முயலிலும் கரு நிலைத்தது. அந்த ஹார்மோனுக்குப் புரொஜெஸ்டிரோன் என்று பெயர். 1934-ல் அதைச் சுத்தமாகப் பிரித்தெடுத்தார்கள்.

டி கிராப் பார்த்த கொப்புளம் ஒரு ஹார்மோனைத் தருகிறது. அவர் பார்த்த உருண்டை இன்னொரு ஹார்மோனைத் தருகிறது. இரண்டும் மாறி மாறி வேலை செய்கின்றன.

பசுவின் 21 நாள்

பசுவுக்குச் சுமார் 21 நாளுக்கு ஒரு முறை பருவம் வரும். கொப்புளம் பெரிதாகும்போது அதன் ஹார்மோன் ரத்தத்தில் ஏறும். மாடு கத்தும். தீனியில் கவனம் இருக்காது. மற்ற மாடுகள் மேலே தாவும். மற்ற மாடுகள் தன் மேல் தாவினாலும் அசையாமல் நிற்கும். கண்ணாடி போன்ற வழும்பு ஒழுகும். இது பெரும்பாலும் 12 முதல் 18 மணி நேரம்தான் இருக்கும்.

பருவம் தணிந்து சுமார் 12 மணி நேரம் கழித்துக் கொப்புளம் உடைந்து முட்டை வெளிவரும். அதனால்தான் காலையில் பருவம் கண்டால் மாலையில் சினை ஊசி போடச் சொல்லுகிறார்கள். மாலையில் கண்டால் மறுநாள் காலை.

உடைந்த கொப்புளம் மஞ்சள் உருண்டையாகும். சினை பிடித்தால் உருண்டை அப்படியே இருந்து கருவைக் காக்கும். சினை பிடிக்காவிட்டால், சுமார் 17-ம் நாளில் கருப்பை ஒரு ஹார்மோனை அனுப்பி உருண்டையைக் கரைத்துவிடும். அதற்குப் பிராஸ்டாகிளாண்டின் என்று பெயர். உடனே புதிய கொப்புளம் வளரும். மறுபடியும் பருவம் வரும்.

இந்த வரிசையில் எங்கே தடை வந்தாலும் மாடு சினை பிடிக்காது.

சில மாடுகளில் கொப்புளம் உடையாமல் வளர்ந்துகொண்டே போகும். இரண்டரை சென்டிமீட்டரையும் தாண்டும். இதுதான் சினைப்பை நீர்க்கட்டி. சில மாடு ஓயாமல் பருவத்தில் இருப்பது போலக் கத்தும். சில மாடு பருவத்துக்கே வராது.

சில மாடுகளில் கருப்பையில் சீழ் பிடித்துவிடும். அதனால் மஞ்சள் உருண்டை கரையாமல் தங்கிவிடும். மாடு சினை இல்லாமலே சினை மாடு போல இருக்கும்.

இன்னும் சில மாடுகளில் சினைப்பை சிறுத்துத் தூங்கிக் கிடக்கும். கொப்புளமும் இல்லை, உருண்டையும் இல்லை. கன்று போட்ட பிறகு தீனி போதாமல் மெலிந்த மாடுகளில் இதை அதிகம் பார்க்கலாம்.

கையால் நசுக்கிய காலம்

ஹார்மோன் ஊசி வருவதற்கு முன்னால் கால்நடை டாக்டர்கள் என்ன செய்தார்கள்? ஆசனவாய் வழியாகக் கையை விட்டு, நீர்க்கட்டியை விரலால் நசுக்கி உடைத்தார்கள். தங்கிவிட்ட மஞ்சள் உருண்டையையும் பிதுக்கி எடுத்தார்கள். சில மாடு குணமாகும். சில மாட்டுக்கு உள்ளே ரத்தம் கொட்டும். சினைப்பை பக்கத்துச் சதையோடு ஒட்டிக்கொண்டு நிரந்தர மலடாகிவிடுவதும் உண்டு.

1971-ல் நிலைமை மாறியது. கொப்புளத்தை உடைக்கும் கட்டளை மூளையிலிருந்து புறப்படுகிறது. அந்தக் கட்டளையைத் தரும் ஹார்மோன் எதனால் ஆனது என்று அந்த ஆண்டில் தெரிந்தது. அமெரிக்காவில் ஷாலி என்ற விஞ்ஞானி ஏராளமான பன்றி மூளைகளிலிருந்து அதைப் பிரித்தார். கில்லமின் என்ற விஞ்ஞானி ஆட்டு மூளைகளிலிருந்து பிரித்தார். இருவருக்கும் கடும் போட்டி. டி கிராப்பும் சுவாமர்டாமும் போலத்தான். ஆனால் இவர்கள் இருவருக்கும் 1977-ல் நோபல் பரிசைப் பங்கிட்டுக் கொடுத்தார்கள்.

இந்த ஹார்மோனை இப்போது மருந்துக் கம்பெனிகள் செயற்கையாகச் செய்கின்றன. நீர்க்கட்டி உள்ள மாட்டுக்கு அதை ஊசி போட்டால், கட்டியின் சுவர் மஞ்சள் உருண்டை போல மாறுகிறது. சுமார் ஒரு வாரம் கழித்துப் பிராஸ்டாகிளாண்டின் ஊசி போட்டால் அது கரைகிறது. மாடு ஒழுங்கான பருவத்துக்கு வருகிறது. சீழ் பிடித்துத் தங்கிய உருண்டைக்கும் பிராஸ்டாகிளாண்டின்தான் மருந்து. உருண்டை கரைந்ததும் கருப்பையின் வாய் திறந்து சீழ் வெளியேறும்.

1995-ல் அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தார் இன்னொரு முறையை வெளியிட்டார்கள். முதல் நாள் மூளை ஹார்மோன். ஏழு நாள் கழித்துப் பிராஸ்டாகிளாண்டின். மேலும் இரண்டு நாள் கழித்து மறுபடியும் மூளை ஹார்மோன். அடுத்த நாள் சினை ஊசி. பருவம் எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டியது இல்லை.

கவனிக்க வேண்டியது

ஊசி மந்திரம் அல்ல. தூங்கிக் கிடக்கும் சினைப்பைக்கு முதல் மருந்து நல்ல தீனியும் தாது உப்பும்தான். உடம்பில் சத்து இல்லாத மாட்டுக்கு ஊசி மட்டும் போட்டுப் பயன் இல்லை.

பிராஸ்டாகிளாண்டின் சினை மாட்டுக்குப் போட்டால் கரு கலைந்துவிடும். ஆகவே மாட்டைச் சோதித்துப் பார்க்காமல் அதைப் போடவே கூடாது. டாக்டர்தான் போட வேண்டும். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் அந்த மருந்தைத் தொடக்கூடாது. அது தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும்.

எந்த ஊசி, எந்த நாள் என்பதைச் சொல்லுவது சினைப்பையில் விரல் காணும் அடையாளம்தான். கொப்புளமா, உருண்டையா, ஒன்றும் இல்லையா? அல்ட்ராசவுண்டு கருவி வைத்துப் பார்க்கும் டாக்டரும் இதைத்தான் தேடுகிறார்.

டி கிராப்பின் காலத்தில் ஹார்மோன் என்ற சொல்லே கிடையாது. மாட்டுக்கு வைத்தியம் கண்டுபிடிக்க வேண்டும் என்று அவர் புறப்படவும் இல்லை. அவர் பொறுமையாகப் பார்த்தார். எண்ணினார். கண்டதைக் கண்டபடி எழுதினார். தன் முடிவுக்குப் பொருந்தாததையும் ஒளிக்காமல் எழுதினார். அவர் போட்ட சண்டை அவரோடு முடிந்துவிட்டது. அவர் போட்ட கணக்கு நிலைத்து நின்றது.

டெல்ப்ட் ஊரின் பழைய மாதா கோவிலில் 1723-ல் லீவன்ஹூக்கும் அடக்கம் செய்யப்பட்டார். முட்டையைக் கண்டவரும் அதை மறுத்தவரும் இன்று ஒரே கூரையின் கீழ் உறங்குகிறார்கள்.